விட்டுக்கொடுப்புகளின் வரலாறு: பாகிஸ்தானின் மதநிந்தனைச் சட்டம்

பாகிஸ்தானில் மதவாதக் கட்சி எதுவும் தேர்தலில் வென்று மைய ஆட்சியைக் கைப்பற்றியது கிடையாது. வயது வந்தோர் அனைவரும் நேரடியாக வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1970இல் நடந்தபோது, அக்கட்சிகளுள் மிகவும் கட்டுக்கோப்பானதாகக் கருதப்பட்ட ஜமாஅத்தே இஸ்லாமி 300 பொதுத் தொகுதிகளில் 4 இடங்களை மட்டுமே பெற்றது. ஆயினும் விரும்பிய நம்பிக்கையைக் கைக்கொள்ளும் உரிமை, மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்லும் உரிமை, அச்சமின்றித் தீர்ப்பெழுதும் நீதிமன்றம் ஆகிய மூன்றும் அந்நாட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. தேர்தலில் தோற்றவர்களின் கோரிக்கைகள் நாட்டின் சட்டமாக மாறிய விந்தையைப் புரிந்துகொள்ள, பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தின் 15ஆம் அத்தியாயத்தில் 295 முதல் 298 வரை அமைந்திருக்கும் பிரிவுகளின் வரலாற்றைப் பின்தொடர்வதே தக்க வழி.

அந்த அத்தியாயத்தை முதலில் எழுதியவர்கள் மதவாதிகள் அல்லர். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் முன்வைத்த வரைவே 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பல சமயத்தார் அருகருகே வாழும் நாட்டில் அவரவர் சமயத்தை அவரவர் பின்பற்ற விடுவதும், ஒருவர் மற்றவர் சமயத்தை இழிவுபடுத்தாமல் தடுப்பதும் பொது அமைதிக்கு வேண்டியவை என்பதே அதன் அடிப்படை. வழிபாட்டிடத்தையோ புனிதமாகப் போற்றப்படும் பொருளையோ அவமதிக்கும் நோக்கத்துடன் சேதப்படுத்துவது, வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது, இடுகாட்டில் அத்துமீறுவது, ஒருவரது சமய உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே பேசுவது ஆகிய நான்கும் குற்றங்களாயின. மிகக் கூடுதலான தண்டனை 2 ஆண்டுச் சிறை. இப்பிரிவுகளில் கவனிக்க வேண்டிய கூறுகள் இரண்டு. அவை எந்த ஒரு சமயத்தையும் பெயர் குறிப்பிட்டுக் காக்கவில்லை என்பது ஒன்று; குற்றஞ்சாட்டப்பட்டவரின் உள்நோக்கத்தை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பிற்காலத்தில் பாகிஸ்தான் இழந்தவை இவ்விரண்டுமே.

முதல் மாற்றம் பிரிவினைக்கு இருபது ஆண்டுகள் முன்பு லாகூரில் தொடங்கியது. 1924இல் அங்கு ஆசிரியர் பெயரின்றி வெளியான ‘ரங்கீலா ரசூல்’ என்னும் நூல் நபிகள் நாயகத்தின் இல்வாழ்வை இழிவாகச் சித்திரித்தது. ஆரிய சமாஜத்துக்கும் முஸ்லிம் அமைப்புகளுக்கும் இடையே பஞ்சாபில் அப்போது நடந்துகொண்டிருந்த துண்டுப்பிரசுரப் போரின் விளைவு அது. இரு வகுப்பாரிடையே பகைமையை வளர்ப்பதைத் தண்டிக்கும் 153-அ பிரிவின்கீழ் பதிப்பாளர் ராஜ்பால் மீது வழக்குத் தொடரப்பட்டது. கீழமை நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. 1927 மே மாதம் லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுவித்தார். நூல் கண்டிக்கத்தக்கதே எனினும், மறைந்துவிட்ட ஒரு சமயத் தலைவரை இழித்துரைப்பது அப்பிரிவின் வரம்புக்குள் அடங்காது என்பது அவரது முடிவு. எழுந்த கொந்தளிப்பைத் தணிக்க அதே ஆண்டில் மத்திய சட்டசபை 295-அ என்னும் புதிய பிரிவை நிறைவேற்றி, திட்டமிட்டும் தீய எண்ணத்துடனும் ஒரு வகுப்பாரின் சமயத்தை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. அம்மசோதாவை ஆராய்ந்த தெரிவுக் குழுவில் இடம்பெற்றிருந்த முகம்மது அலி ஜின்னா, சமயத்தை நேர்மையாக விமர்சிப்போரும் வரலாற்று ஆய்வில் ஈடுபடுவோரும் இச்சட்டத்தால் பாதிக்கப்படலாகாது என்று அவையில் வலியுறுத்தியது நினைவில் கொள்ளத்தக்கது. தீய எண்ணம் என்னும் சொற்கள் அத்தகையோருக்கு அரணாக நின்றவை.

சட்டம் வந்ததால் பகை தணியவில்லை. 1929 ஏப்ரல் 6 அன்று இல்முத்தீன் என்னும் இளைஞர் ராஜ்பாலை அவரது கடையிலேயே குத்திக் கொன்றார். மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடியவர் ஜின்னா. முறையீடு தள்ளுபடியாகி, அக்டோபர் 31 அன்று மியான்வாலி சிறையில் தூக்கு நிறைவேறியது. இரு வாரங்களுக்குப் பின் உடல் லாகூருக்குக் கொண்டுவரப்பட்டு மியானி சாகிப் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டபோது பெருங்கூட்டம் திரண்டது. அவரது கல்லறை வழிபாட்டிடமாயிற்று. பெயருக்கு முன்னால் ‘காஜி’ என்னும் அடைமொழி, அதாவது மார்க்கத்துக்காகப் போரிட்டவர் என்னும் பட்டம், ஒட்டிக்கொண்டது. சட்டம் கொலைகாரனாகக் கண்டவரை மக்களின் ஒரு பகுதியினர் தியாகியாகக் கொண்டாடும் வழக்கம் இங்கே வேரூன்றியது. சட்டத்தின் வரலாற்றோடு இவ்வழக்கத்தின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தாலன்றிப் பின்னர் நேர்ந்தவை விளங்கா.

1860ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியாவும் மரபுரிமையாகப் பெற்றது. 1953இல் பிள்ளையார் சிலையை உடைக்கும் போராட்டத்தை நடத்திய பெரியார் ஈ.வெ.ரா. மீது 295ஆம் பிரிவின்கீழ் தொடுக்கப்பட்ட திருச்சி வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. புனிதப் பொருள் என்பதற்குக் கீழமை நீதிமன்றங்களும் சென்னை உயர்நீதிமன்றமும் கொடுத்த பொருள் மிகக் குறுகியது என்று 1958இல் கூறிய உச்சநீதிமன்றம், காலம் கடந்துவிட்டதைக் கருதி மறுவிசாரணைக்கு உத்தரவிடாமல் விட்டது. 295-அ பிரிவும் இந்தியாவில் 2024 வரை பலரது எழுத்துக்கும் பேச்சுக்கும் எதிராகப் பயன்பட்டு வந்தது. ஆனால் அப்பிரிவுகளின் வரிசையை ஒரே ஒரு சமயத்தின் காவலாக்கி, அதன் முனையில் மரண தண்டனையைப் பொருத்திய நாடு பாகிஸ்தானே.

அந்நாடு அப்படித் தொடங்கவில்லை. 1947 ஆகஸ்ட் 11 அன்று கராச்சியில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய ஜின்னா, குடிமகன் எச்சமயத்தைச் சார்ந்தவன் என்பது அரசின் அலுவல் அன்று என்று தெளிவுபடக் கூறினார். அச்சபையின் தற்காலிகத் தலைவராக இருந்தவரும் முதல் சட்ட அமைச்சரானவரும் கிழக்கு வங்காளத்தின் ஒடுக்கப்பட்ட சாதித் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல். முதல் வெளியுறவு அமைச்சர் சஃபருல்லா கான் அஹ்மதியா பிரிவினர். ஜின்னா மறைந்த ஆறே மாதங்களில், 1949 மார்ச் 12 அன்று, பிரதமர் லியாகத் அலி கான் முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம் நிறைவேறியது. இறையாண்மை அல்லாஹ்வுக்கே உரியது, மக்கள் அதை அவன் வகுத்த எல்லைக்குள் ஒரு பொறுப்பாக ஏந்தி நிற்பர் என்று அது தொடங்கியது. அந்த எல்லையை வரையறுப்பவர் யார் என்பதைத் தீர்மானம் சொல்லவில்லை. கிழக்கு வங்காளத்தின் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஸ்ரீஷ் சந்திர சட்டோபாத்யாயாவும் பூபேந்திர குமார் தத்தாவும் இக்குறையை எடுத்துக்காட்டி, மார்க்கத்தின் பெயரால் பேசுவோர் நாளை அரசையே கேள்விக்குள்ளாக்குவர் என எச்சரித்தனர். அவர்கள் கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றன. மறு ஆண்டே மண்டல் பதவி துறந்து இந்தியாவுக்குத் திரும்பினார்.

எச்சரிக்கை மெய்யாவதற்கு நான்கு ஆண்டுகளே பிடித்தன. பஞ்சாபின் காதியான் என்னும் ஊரைச் சேர்ந்த மிர்சா குலாம் அகமது (1835–1908) நிறுவியது அஹ்மதியா இயக்கம். அவர் தமக்கு இறையருளால் நபித்தன்மை வாய்த்ததாகக் கூறியது, முகம்மது நபியே இறுதித் தூதர் என்னும் கோட்பாட்டுக்கு முரணானது என்பது ஏனைய முஸ்லிம்களின் நிலைப்பாடு. சமய அறிஞர்களுக்குள் நடக்க வேண்டிய இவ்விவாதத்தை அரசியல் கோரிக்கையாக்கியது மஜ்லிஸே அஹ்ரார். பாகிஸ்தான் உருவாவதை எதிர்த்ததால் மதிப்பிழந்திருந்த அக்கட்சி, அஹ்மதியர்களை முஸ்லிம் அல்லாதோர் என அறிவிக்க வேண்டும், சஃபருல்லா கானைப் பதவிநீக்க வேண்டும் என்று முழங்கியது. ஜமாஅத்தே இஸ்லாமியும் பிற அமைப்புகளும் உடன் சேர்ந்தன. பிரதமர் குவாஜா நாஜிமுத்தீன் மறுக்கவே, லாகூரில் கடைகள் எரிந்தன, அஹ்மதியர்கள் கொல்லப்பட்டனர். 1953 மார்ச் 6 அன்று நகரம் இராணுவச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. அந்நாட்டின் முதல் இராணுவச் சட்டம் அதுவே.

கலவரத்தை விசாரித்த நீதிபதிகள் முனீரும் கயானியும் 1954இல் அளித்த அறிக்கை, தெற்காசியாவில் மதவாதத்தைப் பற்றி எழுதப்பட்ட அரசு ஆவணங்களுள் தலையாயது. தம்முன் சாட்சியம் அளித்த உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், ஒவ்வொருவரிடமும் முஸ்லிம் என்பவர் யார் என்று நீதிபதிகள் கேட்டனர். எந்த இருவரின் வரையறையும் ஒத்துப்போகவில்லை. ஒருவரின் வரையறையை ஏற்றால் மற்றவர்கள் அனைவரும் மார்க்கத்துக்கு வெளியே நிற்க நேரும் என்பதை அவர்கள் எழுதி வைத்தனர். பாகிஸ்தானில் முஸ்லிம் அல்லாதோருக்குச் சம உரிமை இல்லையெனில், இந்தியாவில் மனுவின் சட்டப்படி முஸ்லிம்கள் சூத்திரராகவும் மிலேச்சராகவும் நடத்தப்பட்டால் ஏற்பீரா என்னும் கேள்விக்கு, ஜமாஅத்தின் தலைவர் மௌதூதி தமக்கு மறுப்பில்லை என்றே விடையளித்தார். எல்லைக்கு அப்பாலுள்ள கோடிக்கணக்கான முஸ்லிம்களின் உரிமையை ஒரு கோட்பாட்டின் பொருட்டு இவ்வளவு எளிதாகக் கைவிட முடிந்தது என்பதை அறிக்கையின் பக்கங்களில் படிக்கும் எவருக்கும் மனம் கனக்கும். அறிக்கையின் மற்றொரு கண்டுபிடிப்பு ஆட்சியாளர்களைப் பற்றியது. மும்தாஜ் தௌலத்தானாவின் பஞ்சாப் அரசு, கிளர்ச்சித் தீயை ஊதிவந்த நாளிதழ்களுக்கு, முதியோர் கல்விக்கென வைத்திருந்த நிதியிலிருந்தே பணம் கொடுத்திருந்தது. பழி மத்திய அரசின்மேல் விழட்டும் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. மதவெறியைத் தன் போட்டியாளருக்கு எதிரான கருவியாக வளர்த்துவிட்டு, அது கைமீறும்போது இராணுவத்தை அழைக்கும் ஆட்சிமுறை முதன்முதலாக அம்பலமானது இவ்வறிக்கையில்தான்.

1953இல் கலவரத்தால் பெற முடியாததை 1974இல் நாடாளுமன்றமே வழங்கியது. அவ்வாண்டு மே மாதம் அஹ்மதியர்களின் தலைமையிடமான ரப்வாவின் இரயில் நிலையத்தில் மாணவர்களுடன் நடந்த மோதல் பஞ்சாபெங்கும் வன்முறையாகப் பரவியது. சோசலிசம் பேசி ஆட்சிக்கு வந்தவரும் 1973ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பியுமான ஜுல்பிகர் அலி புட்டோ, கோரிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். உறுப்பினர்கள் அனைவரும் அடங்கிய சிறப்புக் குழு மூடிய கதவுகளுக்குள் கூடி, அஹ்மதியா தலைவரைப் பல நாள் குறுக்கு விசாரணை செய்தது. அஹ்மதியர்களை முஸ்லிம் அல்லாதோர் என அறிவித்து செப்டம்பர் 7 அன்று நிறைவேறிய இரண்டாம் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு எதிராக ஒரு வாக்குகூட விழவில்லை. ஒரு குடிமகனின் சமயம் எது என்பதை அவனைக் கேளாமல் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யும் அதிகாரத்தை ஒரு ஜனநாயக அவை தன் கையில் எடுத்துக்கொண்டது இவ்வாறுதான். 1977 தேர்தலில் முறைகேடு நடந்ததாக எழுந்த கிளர்ச்சியை அடக்க மதுவையும் சூதாட்டத்தையும் தடைசெய்து வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக்கிய புட்டோவை, அந்தச் சலுகைகள் காப்பாற்றவில்லை; ஜூலை 5 அன்று தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைப் பறித்தார்.

மக்கள் வாக்கின் ஏற்பு இல்லாத ஜியா, தம் ஆட்சிக்கான நியாயத்தை மார்க்கத்தில் தேடினார். நபியின் குடும்பத்தாரையும் தோழர்களையும் இழித்துரைப்பதைத் தண்டிக்கும் 298-அ 1980இல் வந்தது. குர்ஆனைச் சிதைத்தால் ஆயுள் சிறை என்னும் 295-ஆ 1982இல் வந்தது. 1984 ஏப்ரலில் பிறப்பித்த 20ஆம் அவசரச் சட்டம் அஹ்மதியர்கள் தம் வழிபாட்டிடத்தை மசூதி என்று அழைப்பதையும், தொழுகைக்குப் பாங்கு சொல்வதையும், தம்மை முஸ்லிம் என்று கூறிக்கொள்வதையும் 3 ஆண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கியது. 1986இல், கட்சிகள் பங்கேற்காத தேர்தலில் அமைந்த நாடாளுமன்றம், நபியை இழித்துரைப்போருக்கு மரணம் அல்லது ஆயுள் சிறை என்னும் 295-இ பிரிவை நிறைவேற்றியது. பேச்சு, எழுத்து, உருவம் மட்டுமல்லாமல் சாடையும் மறைமுகக் குறிப்பும்கூட அதன் வலைக்குள் அடங்கும். உள்நோக்கம் என்னும் சொல்லோ அதில் இல்லவே இல்லை. ஜின்னா 1927இல் கேட்டுப் பெற்ற அரண் அவர் நிறுவிய நாட்டிலேயே இடிக்கப்பட்டது. சட்டங்கள் இஸ்லாத்துக்கு இணங்க உள்ளனவா என்று ஆராய 1980இல் ஜியா அமைத்த கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம், 1990 அக்டோபரில் ஆயுள் சிறை என்னும் மாற்றுத் தண்டனையையும் செல்லாததாக்கி, மரணம் ஒன்றே உரியது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே பதவியேற்றது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. இருந்தும் தண்டனை அவ்வாறே நின்றுவிட்டது.

பிரிவினைக்கு முன்னும் பின்னுமாக அறுபது ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க வழக்குகளே கண்ட இவ்வத்தியாயத்தின்கீழ், 1986க்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். நிலத்தகராறு, கடன், தொழிற்போட்டி, அண்டை வீட்டுப் பகை ஆகியவை பல வழக்குகளின் பின்னணியில் இருந்தன. கிறித்தவர்களும் அஹ்மதியர்களும் தம் மக்கள்தொகைக்கு மிஞ்சிய அளவில் சிக்கினர் என்றாலும், முஸ்லிம்களும் ஏராளமாகச் சிக்கினர். ஒருவர்மீது விரல் நீட்டுவதற்குச் சொல் ஒன்றே போதும் என்றானபின் அச்சம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. அரசு இச்சட்டத்தின்கீழ் எவரையும் இதுவரை தூக்கிலிடவில்லை. கொலைகள் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தன. இரு கிறித்தவர்களை 1995இல் விடுவித்த லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி ஆரிப் இக்பால் பட்டி இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் அவர்களுக்காக நின்ற அஸ்மா ஜஹாங்கீர் போன்றோர் மிரட்டல்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தனர். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ராஷித் ரஹ்மான் 2014 மே மாதம் முல்தானில் தம் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். மரண தண்டனை எழுதும் கீழமை நீதிபதிக்கு ஆபத்தில்லை, விடுதலை எழுதுபவருக்கே ஆபத்து என்னும் நிலையில் நீதித்துறையின் சுதந்திரம் என்பது ஏட்டளவில் நின்றுபோகிறது.

தண்ணீர் குடித்த பாத்திரம் பற்றிய வாய்ச்சண்டையில் தொடங்கி, 2010 நவம்பரில் மரண தண்டனையில் முடிந்தது ஆசியா பீபி என்னும் கிறித்தவப் பண்ணைக் கூலிப் பெண்ணின் வழக்கு. சிறையில் அவரைச் சந்தித்துச் சட்டத்தைத் திருத்தக் கோரிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை, 2011 ஜனவரி 4 அன்று இஸ்லாமாபாதில் அவரது மெய்க்காவலரான மும்தாஜ் காத்ரியே சுட்டுக் கொன்றார். நீதிமன்றத்துக்கு அழைத்து வரப்பட்ட கொலையாளி மீது ரோஜா இதழ்களைத் தூவியவர்கள் வழக்கறிஞர்கள். சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்திருந்த ஷெர்ரி ரஹ்மான் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. மார்ச் 2 அன்று சிறுபான்மையினர் நல அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். காத்ரிக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி நாட்டை விட்டே வெளியேறினார். மதநிந்தனைச் சட்டத்தை விமர்சிப்பது மதநிந்தனை ஆகாது என்று 2015இல் உச்சநீதிமன்றம் துணிந்து சொன்னது. ஆனால் 2016 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்ட காத்ரியின் கல்லறை, இல்முத்தீனின் கல்லறையைப் போலவே, வழிபாட்டிடமாக எழுந்துவிட்டது.

காத்ரியின் இறுதி ஊர்வலத்தின் வேகத்தில் வளர்ந்தது காதிம் உசேன் ரிஸ்வியின் தெஹ்ரீக்கே லப்பைக் கட்சி. வேட்பாளர் உறுதிமொழியின் வாசகத்தில் செய்யப்பட்ட சிறு மாற்றத்தை எதிர்த்து 2017 நவம்பரில் அது தலைநகரின் நுழைவாயிலான பைசாபாதை மறித்து, சட்ட அமைச்சரைப் பதவி விலகச் செய்தது. அம்மறியலை ஆராய்ந்து நீதிபதி காஜி பாயிஸ் ஈசா 2019இல் எழுதிய தீர்ப்பு, சீருடை அணிந்தோர் மறியலில் ஈடுபட்டவர்களுக்குப் பணம் வழங்கியதைச் சுட்டிக்காட்டியது. 1953இன் நாளிதழ்களுக்குப் பணம் போன வழி அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அடைபடவில்லை. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தபோது நகரங்கள் மூன்று நாள் முடங்கின. மறு ஆண்டு அவர் கனடாவில் தஞ்சம் புகுந்தார். பொருளாதார ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற ஆதிப் மியான் அஹ்மதியர் என்பதற்காக அதே 2018 செப்டம்பரில் இம்ரான் கான் அரசு அவரை விலகச் செய்தது. 2021 டிசம்பரில் சியால்கோட் தொழிற்சாலையில் மேலாளராக இருந்த இலங்கையர் பிரியந்த குமாரவை மதநிந்தனை செய்ததாகக் குற்றஞ்சாட்டிக் கும்பல் ஒன்று அடித்துக் கொன்று எரித்தது.

தடை செய்யப்பட்ட குர்ஆன் விளக்கவுரையொன்றை விநியோகித்ததாகச் சிறையிலிருந்த ஓர் அஹ்மதியரை, தலைமை நீதிபதியாகிவிட்ட அதே காஜி பாயிஸ் ஈசா 2024 பிப்ரவரியில் பிணையில் விடுவித்தார். அவர் அதை விநியோகித்ததாகக் கூறப்பட்ட 2019இல் அச்செயலைக் குற்றமாக்கும் சட்டமே இல்லை என்பதுதான் காரணம். ஜூலையில் வந்த மறுசீராய்வுத் தீர்ப்பு, அஹ்மதியர்கள் தம் வீட்டுக்குள்ளும் தம் வழிபாட்டிடத்துக்குள்ளும் தம் நம்பிக்கைப்படி நடந்துகொள்ளலாம் என்று குறிப்பிட்டது. தெஹ்ரீக்கே லப்பைக்கின் தலைவர்களுள் ஒருவர் தலைமை நீதிபதியின் தலைக்கு 1 கோடி ரூபாய் விலை வைத்தார். ஆகஸ்டில் கூட்டம் உச்சநீதிமன்ற வளாகத்தை நெருங்கியது. அரசு மீண்டும் நீதிமன்றத்தை அணுக, மார்க்க அறிஞர்களின் கருத்தைக் கேட்டறிந்த நீதிபதிகள், ஆகஸ்ட் 22 அன்று தங்கள் தீர்ப்பிலிருந்து எதிர்ப்புக்குள்ளான பத்திகளைத் தாங்களே நீக்கினர். அவற்றை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றும் உத்தரவிட்டனர்.